ஹாசல்பிளாட் கேமராவில் ஃபிலிம் பேக்கை மாற்றிப் பொருத்தும்போது படங்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன?

தங்கள் கேள்வி இது: பழைய ஹாசல்பிளாட் 500சி/எம் கேமராவும் இரண்டு ஏ12 பேக்குகளும் (ஃபிலிமை உள்ளே வைத்துக் கேமராவின் பின்புறம் கழற்றி மாட்டும் பெட்டிகள்) வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றில் வண்ண ஃபிலிமும் மற்றதில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் போட்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில், ஃபிலிமின் சில கட்டங்களில் இரண்டு காட்சிகள் பதிந்திருக்கின்றன, சில கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. பேக் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதாக இராது. எனக்கும் முதல் ஆண்டில் இதுவேதான் நடந்தது.

நான் மண்டபத்தில் வசிப்பவன். தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களைக் கறுப்பு வெள்ளையிலும், அதற்குப் பின்னால் தெரியும் கடலை வண்ணத்திலும் எடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இரண்டாவது பேக்கை வாங்கினேன். கழுவி வந்த முதல் ரோலில், தேவாலயச் சுவரின் நடுவே பாம்பன் பாலத்தின் தூண்கள் நின்றுகொண்டிருந்தன. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது என்றாலும், நான் எடுக்க நினைத்த படம் அதுவன்று.

காரணம் எளிது. இந்தக் கேமராவின் பாடி, அதாவது லென்ஸும் பேக்கும் பொருந்தும் நடுப்பகுதி, தன் ஷட்டர் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அறியும். பேக் தன் ஃபிலிம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் அறியும். இரண்டும் சேர்ந்திருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு வேலையும் ஒன்றாக நடந்துவிடுவதால், அவை தனித்தனிக் கணக்குகள் என்பதே நமக்கு மறந்துபோகிறது. வலப்பக்கத்தில், பாடியில் ஒன்றும் பேக்கில் ஒன்றுமாக அருகருகே இரண்டு சிறு சாளரங்கள் இருப்பதைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் தயார். சிவப்பு தெரிந்தால் இன்னும் சுற்றவில்லை. பாடி வெள்ளையாகவும் பேக் சிவப்பாகவும் இருக்கும் நிலையில் பொருத்தி அழுத்தினால், ஏற்கெனவே படம் விழுந்த கட்டத்தின் மேலேயே அடுத்த படம் விழும். பாடி சிவப்பாகவும் பேக் வெள்ளையாகவும் இருந்தால், பாடிக்காகச் சுற்றும் சுற்று ஃபிலிமையும் சேர்த்து நகர்த்திவிடும். ஒரு கட்டம் வெறுமையாகப் போகும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆகவே நான் கைக்கொண்ட வழக்கம், படம் எடுத்த உடனேயே, பேக்கைக் கழற்றும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கைப்பிடியைச் சுற்றிவிடுவது. அப்படிச் செய்தால் பையில் கிடக்கும் பேக்கும் கையில் இருக்கும் பாடியும் எப்போதும் வெள்ளையிலேயே இருக்கும். மறந்துவிட்டால் திருத்தவும் வழி உண்டு. பாடி வெள்ளை, பேக் சிவப்பு என்றால், பேக்கைக் கழற்றிவிட்டுப் பாடியை மட்டும் ஒருமுறை அழுத்துங்கள். பிறகு பேக்கைப் பொருத்திச் சுற்றினால் இரண்டும் வெள்ளைக்கு வந்துவிடும். நிலைமை நேர்மாறாக இருந்தால், பேக் இல்லாமல் பாடியை மட்டும் சுற்றிவிட்டுப் பிறகு பொருத்துங்கள். (வேண்டுமென்றே ஒரே கட்டத்தில் இரண்டு படம் எடுக்க விரும்புபவர்கள் செய்வதும் இதே வேலைதான், படம் எடுத்தபின் பேக்கைக் கழற்றிப் பாடியை மட்டும் சுற்றிக்கொள்கிறார்கள்.)

பொருத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேக்கின் அடிப்பகுதியைப் பாடியின் கீழ்ப்புறத் தாங்கிகளில் முதலில் உட்கார வைத்து, பிறகு மேற்பகுதியைப் பாடியோடு சேர்த்து, மேலே உள்ள பொத்தானை வலப்பக்கம் தள்ளி விட வேண்டும். சற்று இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, ஃபிலிமின் மேல் வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவ வேண்டும். ஸ்லைடு உள்ளே இருக்கும்வரை ஷட்டர் இயங்காது. ஸ்லைடு உள்ளே இல்லாமல் பேக் கழலாது. இந்த இரு பூட்டுகளும் நம் கவனக்குறைவை முன்கூட்டியே எண்ணிப்பார்த்து அமைக்கப்பட்டவை. எனவே பேக் கழல மறுத்தால் வலுவைக் காட்டாமல், ஸ்லைடு முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கடற்கரையில் உண்மையான தொல்லை தருவது அந்த ஸ்லைடுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அரிச்சல்முனைப் பக்கம் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். உருவிய ஸ்லைடைச் சட்டைப் பையில் வைத்தால் வியர்வையும் மணலும் ஒட்டிக்கொள்ளும். வாயில் கடித்துக்கொண்டால் எச்சில் ஒட்டும். அதை அப்படியே மீண்டும் செருகும்போது, ஒட்டியிருந்த மணல் துகள் ஒளித்தடுப்புப் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போய், ஃபிலிமின் முகத்திலேயே விழுகிறது. பிந்தைய ஏ12 பேக்குகளில் ஸ்லைடைச் செருகி வைக்கப் பின்புறத்திலேயே இடம் உண்டு. என்னுடையவை பழையவை, ஆகையால் ஒரு மெல்லிய துணி உறையில் ஸ்லைடை வைத்து, செருகுமுன் அதே துணியால் இருபுறமும் துடைத்துக்கொள்கிறேன். பேக்கை மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பாடியின் திறந்த பின்புறம் தரையை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்கிறேன். கழற்றிய பேக்குகள் கீழக்கரையில் வாங்கிய ஒரு மூடியுள்ள ஓலைப்பெட்டியில், ஒவ்வொன்றும் தனி நெகிழிப் பையில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கும். விலையுயர்ந்த கேமராப் பையை விட வெயிலில் அது குறைவாகவே சூடாகிறது என்பது என் அனுபவம்.

அந்த ஒளித்தடுப்புப் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்லைடு செருகும் துளைக்குள், மெல்லிய தகட்டுத் தாளும் நுரைப்பஞ்சும் சேர்ந்து வெளிச்சத்தைத் தடுக்கின்றன. காலப்போக்கில் பஞ்சு பொடிந்துவிடும். ஸ்லைடை நிரந்தரமாக உள்ளேயே வைத்திருந்தால் பஞ்சு அழுந்தி விரைவில் கெடும் என்பதால், ஃபிலிம் இல்லாத பேக்கை அலமாரியில் வைக்கும்போது ஸ்லைடை உருவித் தனியே வைப்பது நல்லது. பட்டை கெட்டிருப்பதை நெகட்டிவைப் பார்த்தே அறியலாம். ஸ்லைடு நமக்கு இடப்பக்கத்திலிருந்து நுழைகிறது. லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் விழச் செய்வதால், நேராகப் பார்க்கும் படத்தில் அந்தப் புகைமூட்டம் வலது விளிம்பில் தெரியும். அது கட்டத்துக்குள் நிற்காமல், வெளியே உள்ள ஓரப்பகுதிக்கும் பரவியிருந்தால் பட்டைதான் காரணம். கட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்தால் சூரியன் லென்ஸில் நேரே விழுந்திருக்கலாம். புதிய பட்டை விலை குறைவு, பொறுமை இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

கட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சீராக இல்லையென்றால், பேக்கின் வெளி உறையிலும் அதன் உள்ளே செல்லும் ஃபிலிம் தாங்கியிலும் பொறித்துள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தாங்கியில் உள்ள எண் உறையின் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களோடு பொருந்த வேண்டும். பழைய சந்தையில் இரண்டு பேக்குகளின் உள்ளுறுப்புகள் இடம் மாறி விற்கப்படுவது வழக்கமாக நடப்பதுதான். நான் வாங்கிய இரண்டாவது பேக்கே அப்படிப்பட்டது; விற்றவரிடம் கேட்டபோது, “எல்லாம் ஒன்றுதானே, அண்ணே” என்றார்.

ஃபிலிம் போடும்போது காகிதத்தின் கறுப்புப் பக்கம் வெளியே, அதாவது லென்ஸை நோக்கி இருக்க வேண்டும். காகிதத்தில் உள்ள அம்புக்குறி தாங்கியில் உள்ள சிவப்பு முக்கோணத்துக்கு நேராக வந்ததும் நிறுத்தி, தாங்கியை உறைக்குள் தள்ளிப் பூட்டி, பேக்கின் சிறு கைப்பிடியைத் தடை வரும்வரை, சுமார் பத்துச் சுற்று சுற்றினால் எண் 1 தெரியும். 120 வகை ஃபிலிம் ரோல் ஒன்றில் 12 படங்கள் கிடைக்கும். எந்தப் பேக்கில் எந்த ஃபிலிம் என்பதைத் துணி நாடாவில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை கடற்காற்றின் ஈரத்தில் கசிந்துவிடும்.

இராமேசுவரத்தில் குளிரூட்டிய அறையில் தங்குபவராக இருந்தால், விடியற்காலையில் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள். குளிர்ந்த பேக்கின் மேல் நம் கடற்காற்று பட்டவுடன் நீர் பூத்துவிடும். துடைத்தாலும் உள்ளே பூத்ததைத் துடைக்க இயலாது.

மாமியா ஆர்பி67 கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: அதில் ஷட்டரை இழுக்கும் நெம்புகோல் பாடியிலும், ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் பேக்கிலும் தனித்தனியே இருப்பதால், மேலே சொன்ன சாளரக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரட்டைப் படம் விழுந்தால், அப்போது பேக்கைச் சந்தேகியுங்கள். ஒரு மலிவான ரோலைத் தியாகம் செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் எழுதிய அட்டையை வைத்து 12 படங்களையும் எடுத்து, நடுநடுவே பேக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். எந்த எண் எங்கே விழுந்தது என்பதைக் கண்டால், தவறு கையிலா பேக்கிலா என்பது அந்த ஒரு ரோலிலேயே தெரிந்துவிடும்.