பச்சோந்திக்குக் கூண்டு: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் குளிரும் வறட்சியும் உள்ள வீட்டை மனதில் வைத்து, கூண்டைச் சூடாக்கு, ஈரமாக்கு என்று சொல்கின்றன. நம் கரையில் வேலை தலைகீழ். சூட்டைக் குறைக்க வேண்டும், உப்பைத் தள்ளி வைக்க வேண்டும், காற்றை ஓட விட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சாயல்குடி: அண்ணே, பனந்தோப்பு வேலியில இருந்த பச்சோந்திய பசங்க புடிச்சிட்டு வந்துட்டாங்க. கூண்டு செஞ்சு வளக்கலாமா?

கூடாது தம்பி. பிடித்த இடத்திலேயே இன்றே ஒரு மரக்கிளையில் ஏற்றி விடச் சொல்லுங்கள். இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி ஒரே இனம்தான், அதுதான் நம் வேலியில் இருப்பது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சட்டத்தை விடுங்கள், காட்டில் பிடித்தது பெரும்பாலும் கூண்டில் தேறாது. உடம்புக்குள் இருக்கும் புழுக்கள் பிடிபட்ட பயத்தில் பெருகும், இரை எடுப்பதை நிறுத்திவிடும், சில வாரத்தில் மெலிந்து சாகும். சாலையில் குறுக்கே போவதைப் பார்த்தால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து மரத்தில் ஏற்றிவிடுங்கள். அந்த அளவு உதவி போதும்.

ராமநாதபுரம்: அப்போ எதைத்தான் சட்டப்படி வளர்க்க முடியும்?

கூண்டிலேயே பிறந்த வெளிநாட்டு இனம். வழக்கத்தில் இருப்பது ஏமன், சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த, தலையில் உயரமான கொண்டை உள்ள வெய்ல்டு பச்சோந்தி. அடுத்தது மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி. இரண்டுமே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில். விற்பவர் தன் பதிவுச் சான்றைக் காட்டி, உங்கள் பெயருக்கு முறைப்படி மாற்றிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். "பேப்பர் அப்புறம் தர்றேன்" என்பவரிடம் வாங்காதீர்கள். நம் நாட்டுப் பச்சோந்தியையே வெளிநாட்டினம் என்று சொல்லி விற்பதும் உண்டு. வளர்ந்த ஆண் வெய்ல்டுக்குக் கொண்டை மீன் துடுப்பு போல நிமிர்ந்து நிற்கும், நம் இனத்துக்கு அது தாழ்வு.

இனி வரும் அளவுகள் வெய்ல்டு பச்சோந்திக்கு.

கீழக்கரை: காக்கா, மீன் தொட்டி ஒன்னு சும்மா கெடக்கு, அதையே மாத்திக்கலாமா? இல்லாட்டி மீன் வலைய அடிச்சு நானே கூண்டு செஞ்சுரவா?

தொட்டி வேண்டாம். நாலு பக்கமும் கண்ணாடி என்றால் காற்று நிற்கும், அனல் தங்கும். அதோடு கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை இன்னொரு பச்சோந்தி என்று நினைத்து நாளெல்லாம் கறுத்துப்போய் நிற்கும். மீன் வலையும் வேண்டாம். நைலான் நூலில் நகம் சிக்கினால் இழுத்து இழுத்து நகத்தையே பிய்த்துக்கொள்ளும்.

நீங்களே செய்வது நல்ல யோசனைதான். அகலம் 2 அடி, ஆழம் 2 அடி, உயரம் 4 அடி. இது வளர்ந்த ஆணுக்கு. பெண்ணுக்கு ஒன்றரை, ஒன்றரை, மூன்று அடி குறைந்தபட்சம், இடம் இருந்தால் ஆணின் அளவே வையுங்கள். கூண்டின் சட்டகத்துக்கு அலுமினியம் ஸ்கொயர் பைப். ஜி.ஐ. எனும் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை கடல் காற்றில் சீக்கிரமே துரு பிடித்துச் செதில் விடும். இலையில் சொட்டும் நீரோடு அந்தத் துருவையும் துத்தநாகத்தையும் அது நக்கிக் குடிக்கும். ஜன்னலுக்கு அடிக்கும் அலுமினியக் கொசு வலை போதும். ஃபைபர் வலையை, இரையாகப் போடும் கிரிக்கெட் பூச்சி கடித்து ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். திருகு, கொக்கி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

அடியில் மணல் பரப்பாதீர்கள், முக்கியமாகக் கடற்கரை மணல். இரையோடு மணலும் நாக்கில் ஒட்டிக் குடலுக்குப் போய் அடைக்கும். பி.வி.சி. பலகை ஒன்றைச் சற்றுச் சாய்வாக வைத்து, தாழ்ந்த மூலையில் ஓட்டை போட்டு, கீழே ஒரு வாளி. தினமும் துடைத்தால் நாற்றம் வராது. கூண்டைத் தரையில் வைக்காமல் ஸ்டூலோ மேசையோ போட்டு ஏற்றுங்கள். அது உட்காரும் உச்சிக் கிளை நம் கண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்துதான்.

தேவிபட்டினம்: கடையில் 100 வாட் ஹீட் பல்பு, ஈரப்பதத்துக்குப் பனிமூட்டம் போடும் ஃபாகர் இரண்டும் கட்டாயம் என்கிறார்கள். வாங்கணுமா?

ஃபாகரை வாங்கவே வேண்டாம். பல்பு வாங்கினால் 40 வாட் போதும், அதுவும் மார்கழி தை காலைகளுக்கு மட்டும்.

வெய்ல்டு பச்சோந்திக்குக் காலையில் வெயில் காயும் கிளையில் 29 முதல் 30 டிகிரி, கூண்டின் மற்ற பகுதியில் 23 முதல் 27 டிகிரி, இரவில் இன்னும் இறக்கம் வேண்டும். அதன் மலைநாட்டில் இரவு நன்றாகக் குளிரும், அந்தக் குளிரில்தான் உடம்பு ஓய்வெடுக்கும். நம் ஊரில் சித்திரை வைகாசி நிழலிலேயே 35 தொடும், இரவும் 27க்குக் கீழே எளிதில் இறங்காது. இதில் பல்பைப் போட்டால் வேகவைப்பதுதான்.

ஃபாகர் ஏன் கூடாது? அது குளிர்ந்த இரவுக்கான கருவி. காற்று 20 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பனி மூச்சுக்கு நல்லது. சூடான காற்றில் இரவு முழுக்க ஈரம் தங்கினால் நுரையீரலில் கிருமி வளரும். கடலோரக் காற்றில் இரவில் ஈரம் ஏற்கனவே நிறைய இருக்கிறது, நாம் சேர்க்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இடத் தேர்வு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவெல்லாம் இறக்கும். கீழ்த்தளத்தில், வடக்கு அல்லது கிழக்கு ஜன்னல் உள்ள அறை நல்லது. சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். மின்விசிறி கூண்டின் மேல் நேராக வீசக்கூடாது, ஜன்னலைப் பார்த்துத் திருப்பி அறையின் அனலை வெளியே தள்ள விடுங்கள். கோடையில் இரவில் ஏ.சி. ஓடும் அறை இருந்தால் 24 டிகிரியில் அங்கேயே வைக்கலாம், காற்று நேராகப் படாமல். கச்சான் வீசும் ஆனி ஆடியில் தென்மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள், மணலும் உப்பும் அதன் கண்ணில் படும்.

சுவரில் ஒட்டும் வட்ட முள் மானியை நம்பாதீர்கள். வயர் முனை உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, முனையை உச்சிக் கிளையில், அதன் முதுகு இருக்கும் உயரத்தில் கட்டுங்கள். வெளிர் நிறமாகி, வாயைத் திறந்து, கூண்டின் அடிக்கு இறங்கி நின்றால் சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலான இடத்துக்கு மாற்றி, சாதாரண வெப்பநிலையில் உள்ள நீரைத் தூறலாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

தொண்டி: ஜன்னல் வழியா நல்லா வெயில் வருது. புற ஊதா விளக்கு இல்லாம சமாளிக்கலாமா சார்?

கண்ணாடி ஜன்னல் என்றால் முடியாது. வெளிச்சமும் சூடும் உள்ளே வரும், புற ஊதாவில் அதற்குத் தேவையான யு.வி.பி. கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் கால்சியம் எலும்புக்குப் போகும். இல்லாவிட்டால் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். முன்கால் வளைவது, கிளையைப் பிடிக்க முடியாமல் நழுவுவது, நாக்கு இரையை எட்டாமல் பாதியில் விழுவது எல்லாம் இதன் அடையாளம். வளைந்த எலும்பு திரும்ப நேராகாது.

வாங்க வேண்டிய விளக்கு டி5 எச்.ஓ. வகைப் புற ஊதா நீளக்குழாய், 6 சதவீதம் அல்லது 5.0 என்று குறித்தது, 2 அடி நீளம். கூண்டின் வலை மேல் வைத்து, உச்சிக் கிளை அதிலிருந்து 20 முதல் 23 சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி கட்டுங்கள். சுருள் பல்பு ஒரு இடத்தில் மட்டும் அடிக்கும், அதை வாங்காதீர்கள். தினம் 12 மணி நேரம், டைமர் போட்டு. கண்ணுக்கு எரிவதாகத் தெரிந்தாலும் கதிர் குறைந்திருக்கும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நம் ஊரின் பெரிய வரம் நேர் வெயில். சின்ன வலைக்கூண்டில் ஒரு கிளையும், பாதியை மறைக்கும் செடியும் வைத்து, காலை 8 முதல் 9 மணிக்குள் 20, 30 நிமிடம் வெளியே வையுங்கள். வாரம் மூன்று நாள் செய்தாலே தெம்பு தெரியும். ஆனால் பக்கத்திலேயே இருங்கள். காகம், பூனை, வல்லூறு மூன்றும் வரும். மின்வெட்டில் ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் கவலைப்படாதீர்கள்.

பாம்பன்: அண்ணே, கிண்ணத்துல தண்ணி வச்சேன், தொடவே இல்ல. போர் தண்ணியத் தெளிக்கலாமா?

தேங்கிய நீரை அது நீர் என்றே அறியாது. இலையில் மின்னும் சொட்டைத்தான் நக்கும். விடியும் முன், விளக்கு எரிவதற்குள், 2 நிமிடம் நன்றாகத் தெளியுங்கள். பிற்பகலில் ஒரு சொட்டு டப்பா: பழைய பாட்டிலின் அடியில் ஊசித் துளை, நொடிக்கு ஒரு சொட்டு, இலை மேல் விழுகிற மாதிரி அரை மணி நேரம். இடையில் இலைகள் முழுதாகக் காய வேண்டும். அடைமழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், காலைத் தெளிப்பு ஒன்றே போதும்.

போர் தண்ணீர் வேண்டாம். நம் நிலத்தடி நீரின் உவர்ப்பு உங்களுக்கே தெரியும். இலை மேல் வெள்ளைப் படிவம் விழும், தெளிப்பானின் மூக்கு அடைக்கும், அந்த உப்பெல்லாம் அதன் சிறுநீரகத்துக்கு. ஆர்.ஓ. கேன் தண்ணீர், பிடித்து வைத்த மழைநீர், காவிரிக் குழாய்த் தண்ணீர் இதில் ஏதாவது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் வாய் திறந்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்துவிடுங்கள்.

போதுமான நீர் குடிக்கிறதா என்பதைக் கழிவைப் பார்த்துச் சொல்லலாம். கழிவோடு வரும் கட்டி வெள்ளையாக இருந்தால் சரி. முழுக்க ஆரஞ்சு நிறம் என்றால் நீர் போதவில்லை. கண் குழி விழுந்தால் இன்னும் மோசம்.

மண்டபம்: கூண்டுக்குள்ள என்ன செடி வைக்கலாம்?

வெய்ல்டு பச்சோந்தி இலையையும் தின்னும், அதனால் கவனம். செம்பருத்தி முதல் தேர்வு: இலை, பூ இரண்டையும் தின்னலாம். நர்சரியில் பெஞ்சமினா என்று விற்கும் ஃபைகஸ், செஃப்லேரா, மணி பிளான்ட் ஆகியவற்றையும் பலர் வைக்கிறார்கள். அரளி, எருக்கு, கள்ளி, ஆமணக்கு கூண்டுப் பக்கமே வரக்கூடாது. நர்சரிச் செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலையை இரு பக்கமும் கழுவி, மண்ணை மாற்றி, ஒரு மாதம் வெளியே வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

கிளைக்குக் கொய்யா அருமை. பென்சில் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை, படுக்கையாகவும் சரிவாகவும் கட்டுங்கள். பாதம் முழுதும் சுற்றிப் பிடிக்க வேண்டும். முருங்கை உடையும், சீமைக்கருவேலத்தில் முள். கரை ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும், அதை விடுங்கள். நடுவில் ஒரு இடமாவது அது முழுசாக மறைகிற அளவு அடர்த்தியாக இருக்கட்டும்.

உச்சிப்புளி: வயல்ல வெட்டுக்கிளி நெறைய. அதையே போடலாமா?

மிளகாய், பருத்தி வயல் பூச்சி வேண்டவே வேண்டாம், மருந்து அடித்தது அதன் உடம்பில் இருக்கும். மின்மினி ஒன்றே ஒன்று தின்றாலும் உயிருக்கு ஆபத்து. பண்ணையில் வளர்த்த கிரிக்கெட், பட்டுப்புழு, எப்போதாவது மீல்வார்ம் எனும் வண்டுப் புழு, இவற்றைப் போடுங்கள். இரையின் அகலம் அதன் இரு கண்ணுக்கு இடைப்பட்ட அளவைத் தாண்டக்கூடாது. குட்டிக்குத் தினமும் தின்னும் அளவு, ஒரு வயதுக்கு மேல் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து. போடும் முன் ஒருநாள் பூச்சிக்கு முருங்கை இலை, பூசணி, கேரட் கொடுங்கள். பசலை வேண்டாம், அதன் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் டி3 சேராத கால்சியத் தூளைப் பூச்சி மேல் மெல்லியதாகத் தூவுங்கள். டி3, வைட்டமின் சேர்ந்த தூள் மாதம் இருமுறை மட்டும்.

ராமநாதபுரம்: என்கிட்ட பொண்ணு ஒன்னுதான், ஆணே கிடையாது. ரெண்டு நாளா சாப்பிடாம கீழேயே சுத்துது, தொட்டி மண்ணைப் பறிக்குது. என்ன ஆச்சு?

முட்டை வைக்க இடம் தேடுகிறது, தங்கச்சி. உடனே கவனியுங்கள். ஆண் இல்லாமலேயே இந்த இனத்தில் பெண் முட்டை வைக்கும், ஐந்தாறு மாத வயதிலேயே ஆரம்பிக்கலாம். இடம் பிடிக்காவிட்டால் அடக்கி வைத்துக்கொண்டு செத்துப்போகும். பெண் வெய்ல்டு இறப்பதற்கு அடிக்கடி காரணம் இதுதான்.

ஒரு அடி நீள அகலம் உள்ள பிளாஸ்டிக் டப்பா, அதில் 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கழுவிய ஆற்று மணல். கடல் மணல் கூடாது. மணலை ஈரமாக்கி, கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. விரலால் ஒரு பொந்து போட்டுப் பாருங்கள், இடிந்து விழுந்தால் ஈரம் போதவில்லை. ஏறி இறங்க ஒரு கிளை சாய்த்து வையுங்கள். பிறகு கூண்டின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடிவிடுங்கள். யாராவது பார்ப்பது தெரிந்தால் தோண்டுவதை அப்படியே விட்டுவிடும்.

வைத்து முடித்ததும் குழியைத் தானே மூடும். மெலிந்து களைத்திருக்கும், நீரும் கால்சியம் தூவிய இரையும் தாராளமாகக் கொடுங்கள். இனி இந்த டப்பா எப்போதும் கூண்டிலேயே இருக்கட்டும். சூடும் தீனியும் அதிகமானால் முட்டையும் அதிகமாகும், 60க்கு மேல் கூடப் போகும். வளர்ந்த பெண்ணுக்கு 27 டிகிரிக்கு மேல் வெயில் காயும் இடமே வேண்டாம், இரையையும் அளவாக வையுங்கள். தோண்டியும் ஒரு நாளுக்கு மேல் முட்டை வராமல், பகலில் கண்ணை மூடிச் சோர்ந்தால் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

ஏர்வாடி: கூண்டுல எறும்பு மொய்க்குது. சாக்பீஸ் கோடு போடலாமா?

வேண்டாம், கொசுவர்த்தியும் லிக்விட் கொசு விரட்டியும் அந்த அறையில் வேண்டாம். ஸ்டூலின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இரண்டு சொட்டு சோப்பு சேர்த்து. கிண்ணத்தை வாரம் இருமுறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். தின்னாத பூச்சியை மாலையில் எடுத்துவிடுங்கள். எறும்பு வருவதே செத்த பூச்சிக்குத்தான். உயிரோடு மிஞ்சிய கிரிக்கெட்டும் இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

ராமேஸ்வரம்: வாங்கி நாலு நாளாச்சு, கையில எடுத்தா கறுத்துப்போயி சீறுது. பழகுமா?

இரண்டு வாரம் கையே வைக்காதீர்கள். கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மறைத்து, இரையும் நீரும் மட்டும் கொடுங்கள். நிறம் மாறுவது சுற்றுப்புறத்தில் ஒளிவதற்கு என்பதைவிட மனநிலையும் சூடும் காட்டுவதற்கே. கறுப்பென்றால் பயம் அல்லது குளிர். இணைக்கு என்று இன்னொன்றை அதே கூண்டில் விடாதீர்கள், இவை தனியாக வாழும் உயிர்கள்.

திருப்புல்லாணி: மருத்துவர் யாரைப் பார்ப்பது, எப்படிக் கொண்டுபோவது?

திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் தொலைபேசியில் கேளுங்கள், ஊர்வன பார்ப்பவர் இருக்கும் நாளில் போங்கள். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு கிளையைக் குறுக்கே செருகி, அதைப் பிடிக்க வைத்து மூடுங்கள். இருட்டில் அமைதியாக வரும். விடியற்காலை வண்டியில் போங்கள், பெட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். அன்றைய கழிவை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், கூண்டின் படமும் விளக்கு அட்டையின் படமும் கைபேசியில் இருக்கட்டும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் அவற்றைப் பற்றியே இருக்கும்.