ஆறுனா ஓடுது, சூடானா புடிச்சுக்கிது

தேனிப் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. பழைய வேன்ல கட்டில், அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் வச்சு கேரவனா மாத்தி ஓட்டுறாராம், மதுரைக்கு வரும்போது ஆண்டிபட்டி கணவாய் இறங்கி உசிலம்பட்டி தாண்டுனதும் வண்டி இழுக்க மாட்டேங்குதாம், பிரேக் பெடல் கல்லு மாதிரி நிக்கிது, முன்னாடி ரெண்டு வீலும் கொதிக்கிது, செக்கானூரணில ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது, போன மாசந்தான் பூஸ்டர் (பெடல மிதிக்கிற பலத்த கூட்டிக் குடுக்குறது) மாத்துனேன், இப்ப ரெண்டு காலிப்பரையும் (வீல்ல பிரேக் பேட, அதாவது உரசி நிறுத்துற கட்டைய, அமுக்குறது) மாத்தச் சொல்றாங்க, மாத்தவான்னு கேக்குறாரு.

அண்ணே, கொஞ்சம் பொறுங்க. ரெண்டு காலிப்பரும் பேசி வச்ச மாதிரி ஒரே நாள்ல ஜாம் ஆகாது, எனக்கு சந்தேகம் அந்த பூஸ்டர் மாத்துன வேலை மேலதான். பெடல்ல இருந்து கால எடுத்ததும் பிரேக் ஆயில் மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல மிதிச்சா ஆயில வீலுக்குத் தள்ளுறது) இருக்குற ஊசி முனை அளவு துளை வழியா டப்பாவுக்குத் திரும்பணும். பூஸ்டர்ல இருந்து வர்ற புஷ் ராடு (சிலிண்டர் பிஸ்டனத் தள்ளுற கம்பி) கொஞ்சம் நீளமா நின்னுட்டா பிஸ்டன் முழுசா பின்னாடி வராம அந்தத் துளைய அடைச்சுக்கும், சூட்டுல விரியுற ஆயிலுக்கு போக வழியில்லாம பேடத்தான் தள்ளும், பேடு உரசி இன்னும் சூடாகும், ஆறுனா ஆயில் சுருங்கி தானா விட்டுரும்.

இத ஒர்க் ஷாப்ல ஆறிப்போன வண்டில பாத்தா தெரியாது, புடிச்சிருக்கும்போதே பாக்கணும். சமதளத்துல நிறுத்தி பின் வீலுக்கு கல்லு வச்சுட்டு, மாஸ்டர் சிலிண்டர பூஸ்டரோட சேத்திருக்குற ரெண்டு நட்டையும் லூஸ் பண்ணி சிலிண்டர ஒரு 2, 3 மில்லிமீட்டர் முன்னாடி இழுங்க. வீல் விட்டுருச்சுன்னா புஷ் ராடு இல்லன்னா பூஸ்டர்தான், அம்புட்டுத்தான். விடலன்னா சிலிண்டர்ல இருந்து போற பைப்ப லேசா கழட்டுங்க, இப்ப விட்டா துளைல அழுக்கு. அதுக்கும் அசையலன்னா காலிப்பர் நிப்பிள (ஆயில வெளிய விடுற சின்னத் திருகு) திறங்க, கண்ணாடி போட்டுக்கங்க, சூடான ஆயில் பீச்சும். அங்க விட்டா ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சிருக்கு, வெளிய புதுசாத்தான் தெரியும், நம்பாதீங்க. நிப்பிள திறந்தும் வீல் சுத்தலன்னாத்தான் காலிப்பர் செலவு. பைப்பு, நிப்பிள் எத கழட்டுனாலும் ஏர் எடுக்காம (உள்ள போன காத்த வெளியேத்தாம) வண்டிய நகத்தாதீங்க.

சில பேரு ஆயில் கொதிச்சிருச்சும்பாங்க. கொதிச்சா பெடல் கல்லாகாது, பஞ்சாட்டம் உள்ள போகும். ஆனா டாட் 4ங்கிற பிரேக் ஆயில் ரகம் புதுசுல 230 டிகிரி தாங்கும், ஈரம் குடிச்சா 155க்கு வந்துரும், அதனால ரெண்டு வருசம் ஆச்சுன்னா அதையும் மாத்திருங்க. 200 லிட்டர் தண்ணிய ரொப்பிக்கிட்டு கணவாய் இறங்குனா அது மட்டுமே 200 கிலோ, ஊருக்கு வந்து புடிச்சுக்கலாமே.

ஒண்ணு விட்டுப்போச்சு, ஆயில் டப்பா மூடிய திறந்து உள்ள ரப்பரப் பாருங்க. ஊறுன வடை மாதிரி உப்பி இருந்தா யாரோ இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ ஊத்திருக்காங்க. அப்ப மேல சொன்ன எதுவும் வேணாம், ரப்பர் ஐட்டம் அத்தனையும் மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.