80களின் புல்லட் பல வருடமாக வீட்டில் சும்மா நிற்கிறது. ரெஸ்டோர் செய்து தினமும் ஓட்டலாமா? பெயின்ட், குரோம், சீட் எல்லாம் எப்படிச் செய்வது?

தாராளமாக ஓட்டலாம். என்னிடம் இருப்பதும் 80களின் புல்லட் 350தான், வேலைக்கு அதில்தான் போகிறேன். ஆனால் கேள்வியில் பெயின்ட், குரோம், சீட் எல்லாம் விவரமாகக் கேட்ட நீங்கள் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வண்டிக்குச் செலவழிக்கும் வரிசை அதற்கு நேர் எதிர். பிரேக், டயர், ஒயரிங், இன்ஜின், அப்புறம்தான் பெயின்ட். எங்கள் ஏரியா மெக்கானிக் பெயின்ட் பேச்சை எடுத்தாலே, "முதல்ல நிக்கட்டும்ணே, அப்புறம் மின்னட்டும்" என்பார்.

முதல் நாளே ஆசையில் கிக்கரை மிதிக்காதீர்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுற்றினால் நிம்மதி. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், துரு தெரியும். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷர்களையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயிலை இறக்கி 20டபிள்யூ50 கிரேடு ஆயில் ஊற்றலாம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டு, இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வரவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வது பலத்தில் இல்லை. சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் இடப்பக்கம் சாயும், பாயிண்ட் (ஸ்பார்க்கை வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) திறக்கும்போது நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே முழு மிதி. பாயிண்ட் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், தப்பாக இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். அதனால் செருப்போடு மிதிக்கவே கூடாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். பிரிட்டிஷ் டிசைனை அப்படியே திருவொற்றியூரில் செய்துவந்தார்கள். இடது பக்க கியர் 2000களில்தான் வந்தது. உங்கள் வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இதில் என்ன ஆபத்து என்றால், திடீரென்று நாய் குறுக்கே வந்தால் மற்ற பைக் ஓட்டிப் பழகிய கால் தன்னால் வலது பெடலை அழுத்தும். அங்கே இருப்பது கியர், கீழே அழுத்தினால் அடுத்த கியர் விழும். வண்டி நிற்காது, இருக்கிற இன்ஜின் பிரேக்கிங்கும் குறைந்துவிடும். நிதானமாக ஓட்டும்போது எல்லாம் சரியாக இருக்கும், பதற்றத்தில்தான் பழைய பழக்கம் வேலையைக் காட்டும். காலி மைதானத்தில் இருபது, முப்பது வேகத்தில் போய்த் திரும்பத் திரும்ப சட்டென்று நிறுத்திப் பழகுங்கள். முன் பிரேக்கை முதலில் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது, அது எல்லா வண்டியிலும் வலது கையில்தான் இருக்கிறது. வீட்டில் வேறு பைக்கும் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன் மச்சி" என்று கேட்கும் நண்பனுக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பிரேக் என்பதே முன்னும் பின்னும் டிரம் தான். இன்றைய டிஸ்க் வண்டிகள் நிற்கும் தூரத்தில் இது நிற்காது, முன்னால் போகிறவரிடமிருந்து இடைவெளி கூடுதலாக விட வேண்டியதுதான். ஷூ மாற்றும்போது டிரம்மில் இருக்கும் தூளை ஏர் அடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. புது ஷூ போட்ட பிறகு முன் பிரேக்கை இறுகப் பிடித்து, டிரம்மில் கேபிள் இழுக்கும் அந்தச் சின்னக் கையைக் குனிந்து பாருங்கள். கேபிளுக்கும் கைக்கும் நடுவே கிட்டத்தட்ட செங்கோணம் இருந்தால் முழு பலமும் ஷூவுக்குப் போகும். அதைத் தாண்டிச் சாய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வீண். மழையில் தண்ணீர் உள்ளே போனால் பிரேக் வழுக்கும், லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கணக்கே இல்லை. நின்ற டயரில் ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும், டியூபோடு சேர்த்து மாற்றுங்கள். புதிது வாங்கும்போதும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தால் தளர்ந்தது மட்டும் மொத்தையாகச் சத்தம் போடும். ஒயரிங்கில் அங்கங்கே டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தால் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள், பேட்டரி ஒயரில் ஃபியூஸ் கட்டாயம். சில்லறை பார்ட்ஸுக்கு சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தொப்பி மாதிரி ஒன்றைப் புல்லட்டுக்குப் பொருத்தம் என்று மாட்டிக்கொண்டு போகிறார்கள், பார்க்கவே பயமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு முதலில் 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி இருந்தால் படிவம் 25. புத்தகம் இறந்துபோன அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால் வாரிசு மாற்றத்துக்குப் படிவம் 31. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். புத்தகமே இல்லை, நம்பரும் ஒத்துப்போகவில்லை என்றால் நானாக இருந்தால் அந்த வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன்.