இணையத்தில் மருத்துவக் காப்பீடு: எதைச் சொல்வது, எப்போது சொல்வது?

கேள்வி: எனக்கு 41 வயது, ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். நான், மனைவி, இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோய் உள்ள 68 வயது அப்பா ஆகியோருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதற்காக ஓர் ஒப்பீட்டு இணையதளத்தில் கைபேசி எண்ணைப் பதிவு செய்தேன். அன்று மாலையிலிருந்து அழைப்புகள் ஓயவில்லை. அழைத்த ஒருவர் கேட்டாரென்று ஆதார் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இன்னொருவரோ, "அப்பாவின் சர்க்கரையைக் குறிப்பிட வேண்டாம், ஐந்து வருடம் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் ஆதாரைக் கொடுத்துவிட்டீர்கள், சொல்லியே தீர வேண்டிய இடத்தில் நோயை மறைக்கச் சொல்கிறார்கள். விலை விசாரிப்பதும் விண்ணப்பிப்பதும் வெவ்வேறு கட்டங்கள் என்பதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில் ஆதார். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிட முடியாது. ஆயினும், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டிவைத்துவிட்டு, உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலையும் சில வாரங்களுக்குக் கவனித்து வாருங்கள். இனி நகல் கொடுக்க நேர்ந்தால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். பணம் ஏதும் பறிபோனால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அழைப்புகள் வருவதற்குக் காரணம், பதிவு செய்தபோது நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரு வரி. தொந்தரவு வேண்டாம் என்ற பட்டியலில் உங்கள் எண் இருந்தாலும் அழைக்கலாம் என்ற சம்மதம் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும். அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள். பிறகும் விளம்பர அழைப்புகள் வந்தால், வந்த 7 நாட்களுக்குள் 1909-இல் புகார் செய்யுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது என்றாலும், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருவதால், இன்றைக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

விலை தெரிந்துகொள்ள வயது, ஊர், காப்பீட்டுத் தொகை, இருக்கும் நோய்கள் ஆகியவை போதும். ஆதாரும் பான் எண்ணும் விண்ணப்பத்தின்போது மட்டுமே தேவை. அப்போதும் அவற்றை நிறுவனத்தின் பக்கத்தில் நீங்களே பதிவிட வேண்டுமேயன்றி, தொலைபேசியில் பேசுபவரிடம் சொல்லக் கூடாது. பெரிய நிறுவனம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது: 2024-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியே கசிந்து, அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. நாம் கொடுக்காத விவரம் கசிய வழியில்லை.

ஓடிபி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பம் நிரப்பிய பின் வரும் ஓடிபி, பல நிறுவனங்களில் உங்கள் கையெழுத்துக்குச் சமம். முகவர் உங்கள் பெயரில் விண்ணப்பத்தை நிரப்பி, அந்த எண்ணை மட்டும் உங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டால், நீங்கள் படிக்காத பதில்களுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள்.

இனி சர்க்கரை. 2024 முதல், தொடர்ந்து 60 மாதங்கள் புதுப்பிக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டில் நோயை மறைத்தார் என்று கூறி இழப்பீட்டை மறுக்க முடியாது என்பது உண்மைதான். அந்த முகவர் சொல்லாமல் விட்டது, நிரூபிக்கப்பட்ட மோசடி இதற்கு விலக்கு என்பதை. வேண்டுமென்றே மறைப்பது அந்த விலக்குக்குள் போய்விடக்கூடும். தவிர, அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? நோயைச் சொல்லி எடுத்தால், அதற்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கான செலவை நிறுவனம் ஏற்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் 36 மாதங்கள்தான். கூடுதலாகக் கேட்கப்படும் பிரீமியத்தை நான் நஷ்டமாகக் கருத மாட்டேன்.

அப்பாவுக்குத் தனி பாலிசி எடுங்கள். குடும்ப பாலிசியில் பொதுவாக மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் நிர்ணயிக்கப்படுவதால், அவரைச் சேர்த்தால் உங்கள் நால்வருக்கான செலவும் ஏறிவிடும்.

ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்ப்பவர்கள் அறை வாடகை வரம்பில் ஏமாறுகிறார்கள். 5 லட்சம் ரூபாய் பாலிசியில் 1 சதவீத வரம்பு இருந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அறைதான் உங்களுக்கு உரியது. 10,000 ரூபாய் அறையில் தங்கினால் அறை வாடகையில் பாதி மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டப்படலாம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு பொருந்தாது. முதியோருக்கான பாலிசிகளில் ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஈரோட்டில் நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) இருக்கிறதா என்பதை மருத்துவமனையிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது; அதைச் சேர்த்துக் கேட்பவரிடம் விளக்கம் கேளுங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே செலுத்த வேண்டும். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். போனஸ் தருவதாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரில் யாராவது அழைத்தால் துண்டித்துவிடுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் வழங்குவதுமில்லை.

பாலிசி கையில் கிடைத்ததும் அதனுடன் இணைந்த விண்ணப்ப நகலைத் திறந்து, அப்பாவின் நோய் பற்றிய கேள்விக்கு என்ன பதில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'இல்லை' என்றிருந்தால் அன்றே மின்னஞ்சலில் திருத்தம் கோருங்கள். திருத்த மறுத்தால், கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.