குழாய் இருமும் சத்தம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளி மாணவர்களுக்கான கவிதைப் போட்டியில் கலந்துகொண்டாள். ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தலைப்பை அங்கேயே கொடுத்து ஒரு மணி நேரம் தந்தார்களாம். ஏழு வரிதான் எழுதினாள். கருத்து போதாது, எதுகை மோனை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதித் தந்ததையும், நான் அதைச் சீர்செய்து நான்கு வரி சேர்த்ததையும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் வெளியிடலாம் என்றாள். அடுத்த வருடத்துக்குள் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா? என்னென்ன நூல்கள் படிக்க வேண்டும்?

செ., விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள செ.,

இரண்டு தாளையும் படித்தேன். உங்கள் மகளின் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தண்ணீர் வருமுன் குழாய் இருமும்
பாட்டி விழித்துக்கொள்வாள்

குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும் அந்தச் சத்தத்தை எத்தனையோ வருடம் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டவன் நான். அது இருமல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன் கீழே நீங்கள் சேர்த்திருப்பது, ‘விழித்தெழு தமிழா, நீரைக் காத்திடு தோழா’. அந்தத் தாளில் ஏன் ஐயா கை வைத்தீர்கள்? ‘இருமும்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒலிக்கும்’ என்று வேறு மாற்றியிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அவள் வரி அவளுடையது. தமிழனை எழுப்ப அவள் அதை எழுதவில்லை. அங்கே விழித்துக்கொண்டிருப்பது அவள் பாட்டி.

கோபமாகத்தான் சொல்கிறேன். இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சுமார் 15 வருடம் முன்பு ஒரு பள்ளியில் நடுவராக உட்கார்ந்தேன். தலைப்பு ‘தாய்மை’. அறுபது தாள் இருக்கும். பாதிக்கு மேல் கருவறையில் தொடங்கி மெழுகுவர்த்தியில் முடிந்தன. ஒரு தாளில் மட்டும் ஐந்தே வரி. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் அம்மா வேலை முடிந்ததும் விரலில் காய்ந்த பசையைத் தோல் மாதிரி உரித்துப் பிள்ளைகளிடம் தருகிறாள். அவர்கள் அதை வைத்து விளையாடுகிறார்கள். அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலில் ‘கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்தது. தாய்மை பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று அதில் பத்துக்கு மூன்று போட்டேன். வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பசைதான் நினைவில் இருந்தது. பரிசு கொடுத்த கவிதைகளில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எழுதியது பையனா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

பெயர் தெரியாதவர்களை நம் முன்னோர் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். குறுந்தொகையின் 41-ஆவது பாட்டில் ஒருத்தி சொல்கிறாள்: அவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி மகிழ்ந்திருப்பேன், அவர் போய்விட்டால், ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுமே, அந்த வீடு மாதிரி ஆகிவிடுவேன். பாடியவரின் சொந்தப் பெயர் தெரியவில்லை. அணிலாடு முன்றிலார் என்று அந்த முற்றத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். 131-இல் மழை பெய்து ஈரமான நிலம், கையில் ஒரே ஒரு ஏர். காய்வதற்குள் உழுதுவிட வேண்டுமே என்று பதறும் உழவனைப் போல, ஊரில் இருக்கும் காதலியிடம் போய்ச் சேர மனம் விரைகிறது. அவர் ஓரேருழவர். மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், செம்புலப்பெயனீரார் எல்லாருமே இப்படித்தான். ‘கருத்து’ சொன்னதற்காக அல்ல, கண்ணால் கண்ட ஒன்றுக்காகப் பெயர் பெற்றவர்கள். உங்கள் மகள் எழுதியது ஏழு வரிதானே என்கிறீர்கள். அணிலாடு முன்றிலார் பாடியது ஆறு வரி.

எதுகை மோனை வந்தால் வரட்டும், அதற்காக ஒரு சொல்லையும் இழுத்துவர வேண்டாம். மரபா புதிதா என்ற சண்டையும் அவளுக்கு இப்போது எதற்கு? அணில் ஆடுவதும் இலக்கணம் பிசகாத ஆசிரியப்பாவில்தான்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘காப்போம்’, ‘வெல்வோம்’ என்று முழக்கத்தைத் தலைப்பாகக் கொடுத்தால் பிள்ளைகள் மேடைப் பேச்சைத்தான் எழுதுவார்கள். ‘குடம்’ என்று கொடுத்துப் பாருங்கள். ‘முற்றம்’ என்று கொடுங்கள். கருத்துக்கான கட்டத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பயிற்சி வகுப்பு வேண்டாம். நூல் என்று கேட்டீர்கள். குறுந்தொகையை உரையோடு வாங்கிக் கொடுங்கள், நாளுக்கு ஒரு பாட்டு போதும். நீங்கள் திருத்திய தாளை அவள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஐந்தாவது வரியில் அவள் ஒரு சொல்லை எழுதி அடித்திருக்கிறாள். அடித்ததற்குக் கீழே ‘ஈர’ என்பது வரை தெரிகிறது. அது என்ன சொல் என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.