நீல பெட்ரோலில் ஈயம் இருக்கிறதா?

கேள்வி: என் மகள் விமானிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். பறப்பதற்கு முன் இறக்கையிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்ப்பாளாம். அது நீல நிறமாம், ஈயம் கலந்ததாம். பெட்ரோலில் ஈயத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்களே? அவள் உடம்புக்குக் கெடுதல் வராதா? – வாசகி, கோவை.

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான் அம்மா. நம் நாட்டில் வாகன பெட்ரோலில் ஈயம் 2000-ஆம் ஆண்டோடு போய்விட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஆனால் பிஸ்டன் எஞ்சின் உள்ள சிறு விமானங்களுக்கு ஊற்றும் ‘100 எல்எல்’ பெட்ரோலில் இன்றும் ஈயம் உண்டு. (நாம் டிக்கெட் எடுத்துப் போகும் ஜெட் விமானங்களில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள், அதில் கிடையாது.) இரண்டு ‘எல்’லும் ‘குறைந்த ஈயம்’ என்பதன் சுருக்கம். குறைவு என்பது பழைய பச்சை நிறப் பெட்ரோலைவிடத்தான். லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். செஸ்னா 172 மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏன் இன்னும் விடவில்லை? சிலிண்டரில் தீ பரவி வந்து சேர்வதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகவே வெடித்தால் அதை ‘நாக்கிங்’ என்போம். காரில் அந்தத் தட்டல் காதில் விழும், ஓரமாக நிறுத்தலாம். விமானத்தில் எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. பிஸ்டனின் தலை உருகித் துளை விழுந்த பிறகுதான் தெரியும். டெட்ராஎத்தில் ஈயம் என்ற ஈயச் சேர்மத்தை பெட்ரோலில் கலந்தால் இதைத் தடுக்கலாம் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார்.

நான் பல வருடம் ஸ்பார்க் பிளக் கழற்றியவன். சிலிண்டரின் அடிப்பக்க பிளக்கைத் தட்டினால் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் தட்டில் விழும், அரிசிக் குருணை போல. அது புகைபோக்கியில் வெளியேறாமல் தங்கிய ஈயம். வெளியேறியது எங்கே போகிறது? அமெரிக்காவில் சான் ஹோசே நகரின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தைச் சுற்றி வாழும் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தார்கள். விமான நிலையத்துக்கு அருகில், காற்று வீசும் திசையில் இருந்த பிள்ளைகளுக்கு ஈயம் கூடுதலாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அங்கே இந்த பெட்ரோல் விற்பனையை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிட்டது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. எனவே என்னைப் பொறுத்தவரை அது சரியான முடிவு.

மாற்று வழி இல்லாமலில்லை. ஸ்வீடனில் 1991-லேயே ஈயமில்லாத விமான பெட்ரோல் வந்துவிட்டது; அழுத்த விகிதம் குறைந்த எஞ்சின்களுக்கு அது போதும். சக்திவாய்ந்த எஞ்சின்களுக்குத்தான் 100 ஆக்டேன் வேண்டும் (ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு). அதற்காக ‘ஜி100யுஎல்’ என்ற எரிபொருளுக்கு அமெரிக்க விமானத் துறை 2022-இல் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் 100 எல்எல் தயாரிப்பைத் தொடங்கியது. அதுவரை இறக்குமதிதான். இங்கே தயாரிப்பது நல்ல செய்தி. ஈயமில்லாமல் தயாரித்தால் இன்னும் மகிழ்வேன்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். பிடித்துப் பார்த்த பெட்ரோலைத் தரையில் வீசக்கூடாது, அதற்கென்று வைத்த கேனில் ஊற்ற வேண்டும். கிரீஸ் பட்ட கையை பெட்ரோலில் கழுவும் பழக்கம் எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான். அந்த ஈயம் தோல் வழியாகவே உடம்பில் இறங்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கட்டும். ஓடும் எஞ்சினின் புகை வரும் பக்கம் நிற்க வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் பங்க்கில் கிடைக்கும் ஈயமில்லாத பெட்ரோலையே ஊற்றலாமே? – அதே வாசகி.

பதில்: கூடாது. அதில் எத்தனால் கலந்திருக்கிறது. அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களைக் கெடுக்கும், உயரத்தில் குழாய்க்குள் ஆவியாகி எஞ்சினைப் பட்டினி போடும். ஈயமே வேண்டாம் என்றால், டைமண்ட் டிஏ42 போல ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் எஞ்சின் விமானம் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.