“நீ வராதம்மா!”

கேள்வி: எனக்கு ஊர் பாம்பன். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார். மூத்தவன் இந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போயிருக்கிறான். மூன்றரை வயதிலிருந்தே திக்கித் திக்கித்தான் பேசுவான். பழைய பள்ளியில் ஒரே டீச்சர், அவனை நன்றாகத் தெரியும். இங்கே பாடத்துக்கு ஒருவர். பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று இவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு தடவை ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். வாசிக்க எழுந்தால் பையன்கள் “சிக்னல் இல்லடா” என்று சிரிக்கிறார்களாம். வாசிக்கச் சொல்லும் நாளில் காலையிலேயே வயிற்றுவலி. பச்சைப்பயறு வாங்கி வரச் சொன்னால் கடலை வாங்கி வருகிறான், அவ்வளவு மறதி. மனசு கேட்காமல் பள்ளிக்குப் போய்ப் பெரிய சாரிடம் பேசினேன். அன்று சாயங்காலம், “நீ எதுக்கு வந்த? இனிமே வராதம்மா” என்று அழுதுவிட்டான். நான் போகவா, வேண்டாமா? பள்ளியை மாற்றிவிடவா? மாமியார் வசம்பு தேய்க்கிறார். இவரோ, “ஆம்பளப் பிள்ளை சத்தமாப் பேசினா எல்லாம் சரியாப் போகும்” என்கிறார். மூன்று வயது மகளும் இரண்டு மாதமாகத் திக்குகிறாள். தூக்கமே வருவதில்லை.
– பெயர் வேண்டாம், பாம்பன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பச்சைப்பயறு வாங்கப் போனவன் கடலையோடு வந்ததை மறதி என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. உங்கள் மகனுக்கு மறதி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடை முன்னால் நிற்கிறான், ‘ப’ வெளியே வர மறுக்கிறது, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். அந்த நேரத்துக்குக் ‘கடலை’ சுலபமாக வந்திருக்கும். சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் மறதிக்காரன் என்று திட்டு வாங்குவது, கடையில் திக்கி நிற்பதைவிட அவனுக்குப் பரவாயில்லை.

திக்கிப் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் நாளை ஓட்டுகிறார்கள். எந்தச் சொல் மாட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் சொந்தப் பெயரை மாற்றிச் சொல்ல முடியாது. ‘உள்ளேன் ஐயா’வுக்கு மாற்று இல்லை. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வரிக்கும், மனப்பாடச் செய்யுளுக்கும் மாற்று இல்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மாட்டிக்கொள்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள், எல்லாம் தாவ முடியாத இடங்கள். அந்த வயிற்றுவலியும் நடிப்பாக இருக்காது. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

முதலில் உங்கள் மனதில் இருப்பதைத் தீர்த்துவிடுகிறேன். இது நீங்கள் வளர்த்த விதத்தால் வந்தது இல்லை. பயந்ததாலோ, நாக்கு தடித்ததாலோ வருவதும் இல்லை. பேச்சை நேரப்படி ஓட்டுகிற மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு இது. குடும்பவழியாகவும் வரும். நூறு குழந்தைகளில் ஐந்து பேர் வரை ஏதோ ஒரு வயதில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும், நூறில் சுமார் ஒருவருக்கு நிலைத்துவிடும். நிலைப்பவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். வசம்பு தேய்ப்பதாலோ, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வதாலோ போகாது. மாமியாரிடம் சண்டை வேண்டாம், ஆனால் வசம்பை நிறுத்தச் சொல்லுங்கள். பதினோரு வயதுப் பையனுக்குத் தினம் நாக்கில் மருந்து தேய்த்தால், தன் வாயில் ஏதோ கெட்டுப்போய்க் கிடக்கிறது என்றுதான் அவன் நினைப்பான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போகலாமா, வேண்டாமா?

போங்கள். ஆனால் அவனோடு போங்கள், அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லப் போங்கள். “நீ வராதம்மா” என்று அவன் அழுததை, உதவியே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்குத் தெரியாமல் தன்னைப் பற்றிப் பெரியவர்கள் பேசி முடித்ததுதான் அவனுக்கு வலித்திருக்கிறது. கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில் யாராவது அவனிடம் பெயர் கேட்டால் யார் பதில் சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பெற்ற மனம் பித்து, பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல் முந்திக்கொள்வீர்கள். அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறீர்கள். ஆனால் அவன் வாக்கியத்தை நீங்கள் முடிக்கும்போதெல்லாம், தன்னால் முடியாது என்று அவன் ஒருமுறை கற்றுக்கொள்கிறான். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்கள் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. அதற்கு நேரம் மட்டும் கொஞ்சம் அதிகம் வேண்டும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்க அவனுக்குத் தெரிய வேண்டும். திக்காமல் பேசக் கற்பதற்கு முன்னால் அவன் கற்க வேண்டியது இதைத்தான்.

எப்படி ஆரம்பிப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து, “ஸ்கூல்ல எந்த நேரம்டா ரொம்பக் கஷ்டம்?” என்று கேளுங்கள். அறிவுரை சொல்லாதீர்கள். அவன் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதட்டும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும், “என்ன பண்ணா உனக்குச் சுலபமா இருக்கும்?” என்று கேளுங்கள். அவனுக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் சிலவற்றை எடுத்துக் கொடுக்கலாம். பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கினால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். வரிசைப்படி வாசிக்கச் சொன்னால் தன் முறை நெருங்க நெருங்கப் பயம் ஏறும். முதல் ஆளாக வாசிக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து பெஞ்சுப் பையனோடு சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கலாம். இது உண்மையிலேயே வேலை செய்யும். இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கல் அநேகமாக வருவதே இல்லை. (பாட்டுப் பாடும்போது திக்காத பையன் பேசும்போது வேண்டுமென்றே செய்கிறான் என்று சிலர் பழி போடுவார்கள். நீங்கள் நம்பிவிடாதீர்கள்.) செய்யுளை வகுப்பு முன்னால் ஒப்பிக்காமல், இடைவேளையில் ஆசிரியரிடம் தனியாக ஒப்பிக்கலாம்.

இதில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவன் பொறுப்பு. நீங்கள் நினைத்தது ஒன்றும் அவன் கேட்பது ஒன்றுமாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

அடுத்து, அதை அவனே ஒரு சீட்டில் எழுதட்டும். ஏறக்குறைய இப்படி:

“ஐயா, எனக்குத் திக்கும். பதில் தெரியும், சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும். நான் முடிக்கும்வரை காத்திருங்கள். பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்குகிறேன். வாசிக்கும்போது முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். என்னை விட்டுவிடாதீர்கள்.”

அந்தக் கடைசி வரியை விடாமல் எழுதச் சொல்லுங்கள். நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. “பாவம், அவனைக் கேட்க வேண்டாம்” என்று தாண்டிப் போய்விடுவார்கள். பையனுக்கும் அப்போதைக்கு நிம்மதி. ஆனால் ஒரு வருடம் அப்படிப் போனால் வகுப்பில் அவன் இருக்கிறானா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. அவனுக்கும் வாய் திறக்கிற தைரியம் போய்விடும். “என்னைக் கேட்காதீங்க” என்று கெஞ்சுவது வேறு, “கேளுங்க, நேரம் குடுங்க” என்று கேட்பது வேறு. இரண்டாவதைத்தான் நாம் அவனுக்குப் பழக்குகிறோம்.

சீட்டு தயாரானதும் வகுப்பாசிரியரிடம் நேரம் கேட்டு இரண்டு பேரும் போங்கள். பாடம் தொடங்கும் அவசரத்தில் வேண்டாம், சாயங்காலம் மணி அடித்த பிறகு போகலாம். முதல் வாக்கியத்தை அவன் சொல்லட்டும். “சார், எனக்குத் திக்கும்” என்பது மட்டும் போதும். அந்த மூன்று சொல்லுக்கே அரை நிமிடம் ஆனாலும் நீங்கள் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். பிறகு சீட்டைக் கொடுக்கட்டும், ஆசிரியர் கேட்பதற்கு அவனே பதில் சொல்லட்டும். அவன் உங்களைத் திரும்பிப் பார்த்து, “சொல்லும்மா” என்றால் அப்போது சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் ஆசிரியராக நடித்து இதை முன்கூட்டியே பேசிப் பார்ப்பது நல்லது. மற்ற பாட ஆசிரியர்களிடமும் சீட்டைக் காட்டும்படி வகுப்பாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

“சிக்னல் இல்லடா” என்கிற பையன்களுக்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும். “ஆமாடா, எனக்குத் திக்கும். முடிக்கிற வரைக்கும் இரு.” மறைக்க ஒன்றும் இல்லாதவனைக் கிண்டல் செய்வதில் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் சலித்துவிடும். எல்லோரும் அப்படி விடமாட்டார்கள் என்பதும் உண்மை. தொடர்ந்தால் எந்த ஆசிரியரிடம் சொல்வது என்று அவனே ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளட்டும். அது கோள் சொல்வது ஆகாது என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். பிள்ளைகள் அதற்குப் பயந்தே நிறைய மறைக்கிறார்கள்.

ஆசிரியரே கேலி செய்தால்? அங்கே பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள், நீங்கள் நில்லுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பிள்ளையை அடிப்பதை மட்டுமல்லாமல் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அங்கேயும் உங்கள் குறையைச் சொல்லலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால்தான் இதையெல்லாம் கேட்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் வரையறை நரம்பு அல்லது உறுப்புப் பாதிப்பால் வரும் நிரந்தரக் குறைபாட்டைப் பற்றியது. திக்கலுக்கு மட்டும் சான்றிதழ் கிடைப்பது சிரமம். வகுப்பில் கையைத் தூக்கிக்கொள்ளவும் அரை நிமிடம் கூடுதலாகக் கேட்கவும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. இதைப் படிக்கிற வேறு பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைக்குக் காது கேட்பதில் குறையோ, பெருமூளை வாதமோ இருந்து, அதனால் பேச்சு தெளிவில்லை என்றால், சான்றிதழுக்கு அவசியம் விண்ணப்பியுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 16 பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது.

பேச்சுப் பயிற்சியும் வேண்டும். கல்வித் துறையின் மண்டபம் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், தலைமையாசிரியர் மூலமாகவே கேட்கலாம். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காது கேட்கும் திறனையும் அப்படியே பார்த்துவிடலாம். ‘பத்தே நாளில் திக்குவாய் குணம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பதினோரு வயதில் திக்கல் முழுதாகப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பயிற்சியால் இறுக்கமும் பயமும் நன்றாகக் குறையும்.

பள்ளியை மாற்றுவதைப் பற்றி: இப்போது வேண்டாம். புதுப் பள்ளியிலும் பெயர் கூப்பிடுவார்கள். கேட்டும் பள்ளி அசையவில்லை, பிள்ளை நொடிந்து போகிறான் என்றால் அப்போது யோசிக்கலாம், அதையும் அவனைக் கேட்டுவிட்டு.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கடலில் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகியவர், ஏலத்தில் குரல் உயர்த்தாமல் வேலை நடக்காது. சத்தம்தான் தைரியம் என்று அவர் நினைப்பதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் திக்கலுக்குச் சத்தம் மருந்தில்லை. “மெதுவாப் பேசு”, “மூச்சை இழுத்துவிட்டுப் பேசு” என்பதும் மருந்தில்லை, நீங்கள் இருவரும் மெதுவாகப் பேசினாலே அவன் அவசரம் குறையும். கிழிந்த வலையைச் சரிசெய்ய உட்காரும்போது மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கட்டும், எப்படிச் சொல்கிறான் என்பதை விட்டுவிடட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது தினம் பத்து நிமிடம் இப்படிக் கிடைத்தால் பையனுக்கு அது பெரிய பலம்.

கடைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம். சீட்டு எழுதிக் கொடுத்தும் அனுப்ப வேண்டாம். “பச்சைப்பயறு சொல்ல நேரமானா ஆகட்டும், கடைக்காரர் நிப்பாரு” என்று சொல்லி அனுப்புங்கள். கடலையோடு வந்தால் திட்டாதீர்கள்.

சின்னவளைப் பற்றி. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்குவது சகஜம், பலருக்குத் தானாக நின்றுவிடும். ஆனால் அண்ணனுக்கு நிலைத்திருப்பதால் இவள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம், இராமநாதபுரம் போகும்போது இவளையும் கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். வீட்டில் யாரும் அவளைத் திருத்திச் சொல்ல வைக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. “அண்ணனைப் பார்த்து இவளுக்கும் ஒட்டிக்கிச்சு” என்று யாராவது சொல்வார்கள். திக்கல் ஒட்டுவதில்லை, பார்த்துப் பழகுவதாலும் வருவதில்லை. அந்தப் பேச்சு மட்டும் உங்கள் மகன் காதில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் தங்கச்சியோடு பேசுவதையே அவன் நிறுத்திவிடுவான்.